குழந்தைக்குக் கார் சீட், பூஸ்டர் சீட்: சட்டம் சொல்வதும் உடம்பு சொல்வதும்

என் மகளுக்கு எட்டு வயது முடிந்த அன்றே பூஸ்டர் சீட்டை, அதாவது காரின் பெல்ட் பொருந்தும்படி குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கையை, காரிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். நாங்கள் அப்போது இருந்த இடத்தில் சட்டம் எட்டு வயதுவரைதான் அதைக் கேட்டது. அவளுக்கும் 'இனி நான் பெரியவள்' என்று ஒரே பெருமை. அந்த வாரக் கடைசியில் ஒரு நீண்ட பயணம் போனோம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். சீட்டின் நுனிவரை சரிந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றின் மேல் ஏறிக் கிடந்தது. தோளில் வர வேண்டிய பட்டை கழுத்தை உரசுகிறது என்று அதை அக்குளுக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தாள்.

பெல்ட் போட்டிருந்தாள். சட்டத்தை நாங்கள் மீறவும் இல்லை. ஆனால் அந்த நிலையில் ஒரு மோதல் நடந்திருந்தால், காப்பாற்ற வேண்டிய பெல்ட்டே அவள் வயிற்றுக்குள் இறங்கியிருக்கும். மறுநாளே பூஸ்டர் காருக்குத் திரும்பி வந்தது. அவள் பத்து வயது தாண்டும்வரை அதில்தான் உட்கார்ந்தாள்.

முதல் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரக் காத்திருப்பவர்களுக்கும், புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கும், வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்து 'இங்கே என்ன விதி?' என்று தேடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சட்டத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் சட்டம் சொல்வது குறைந்தபட்சம் மட்டுமே. உங்கள் குழந்தையின் உடம்புக்கு அந்தப் பெல்ட் பொருந்துகிறதா என்று சட்டத்துக்குத் தெரியாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதாதா?

எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. 'குழந்தை அழுதுச்சுன்னா? நான் மடியில வச்சுப் பத்திரமாப் பிடிச்சுக்கிறேன்' என்று பாட்டி அன்போடுதான் சொல்வார். அந்த அன்பில் குறையே இல்லை. கைக்குத்தான் அவ்வளவு பலம் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். மோதலில் அந்த வேகம் பத்தில் ஒரு விநாடியில் பூஜ்யமானால், 10 கிலோ எடையுள்ள குழந்தை உங்கள் கையை ஏறக்குறைய 140 கிலோ சுமைபோல இழுக்கும். உடற்பயிற்சி செய்து இறுகிய கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. மடியில் இருக்கும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது இன்னும் மோசம். பின்னாலிருந்து வரும் பெரியவரின் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும்.

சரி, அப்படியென்றால் குழந்தையைத் தனியாக உட்காரவைத்துச் சாதாரண சீட் பெல்ட் போட்டுவிடலாமே? அதுவும் சரிவராது, ஏனென்றால் காரின் பெல்ட் வளர்ந்த ஆளின் உடம்புக்காக வடிவமைக்கப்பட்டது. இப்போது எல்லாக் காரிலும் இருக்கும், இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டை 1959-ல் வால்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நில்ஸ் போலின் என்ற பொறியாளர் கொண்டுவந்தார். அது உடம்பின் கெட்டியான எலும்புகளைப் பிடித்து நிறுத்துகிறது: இரண்டு பக்க இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, தோள். பெரியவர்களின் இடுப்பெலும்பு முன்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு கொக்கிபோல் பட்டையைப் பிடித்து வைக்கும். சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் துருத்தல் இன்னும் உருவாகியிருக்காது. பட்டை அங்கிருந்து வழுக்கி, எலும்பே இல்லாத வயிற்றுக்கு ஏறிவிடும். குடல், கல்லீரல், முதுகெலும்பு மூன்றும் அடிபடும் காயம் இப்படித்தான் உண்டாகிறது. மருத்துவர்கள் அதற்கு சீட் பெல்ட் காயம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். காரின் இருக்கை குழந்தையின் தொடையைவிட நீளம். முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் மடங்காமல் கால் விறைத்து நீட்டிக்கொண்டு நிற்கும். யாராலும் அப்படி ரொம்ப நேரம் உட்கார முடியாது. எனவே குழந்தை தானாகவே முன்னால் சரிந்து முழங்காலை மடக்கிக்கொள்ளும். சரிந்தவுடன் இடுப்புப் பட்டை வயிற்றுக்குப் போய்விடும். 'நேரா உட்காரு' என்று எத்தனை முறை சொன்னாலும் பலனில்லை. அடம் பிடித்து அப்படிச் செய்வதில்லை, இருக்கைதான் அவர்களுக்கு நீளம். பூஸ்டர் குழந்தையை உயர்த்துவதோடு, உட்காரும் பகுதியையும் குட்டையாக்குகிறது. அதனால்தான் முழங்கால் மடங்குகிறது, குழந்தை சரியாமல் இருக்கிறது.

சட்டம் எங்கே என்ன கேட்கிறது

நாட்டுக்கு நாடு இது மாறும், சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். சில இடங்களில் வயதை அளவாக வைக்கிறார்கள், சில இடங்களில் உயரத்தை, சில இடங்களில் இரண்டையும்.

பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்கான இருக்கை கட்டாயம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 12 வயது அல்லது 150 செ.மீ. பிரான்சில் 10 வயது வரை. சிங்கப்பூரில் 135 செ.மீ. உயரத்துக்குக் குறைவானவர்களுக்குத் தகுந்த இருக்கையோ பூஸ்டரோ வேண்டும். ஆஸ்திரேலியாவில் 7 வயது வரை கட்டாயம், அதிலும் முதல் ஆறு மாதம் பின்னோக்கிய இருக்கைதான், அதாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். நியூசிலாந்திலும் ஏழாவது பிறந்த நாள்வரை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8 வயது, 36 கிலோ, 145 செ.மீ. ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டினால் பூஸ்டரை விடலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். கலிபோர்னியாவில் 8 வயதுக்குக் குறைந்தவர்கள் பின்சீட்டில், கார் சீட்டிலோ பூஸ்டரிலோ இருக்க வேண்டும். நான்கு அடி ஒன்பது அங்குலம் வளர்ந்துவிட்டவர்களுக்கு விலக்கு உண்டு. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை கட்டாயமாகியிருக்கிறது. இந்தியாவில் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். எந்த வயதுவரை இருக்கை, எப்போதிலிருந்து பெல்ட் என்று அந்தப் பிரிவு பிரித்துச் சொல்வதில்லை. அந்த முடிவு பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே குழந்தை ஓர் எல்லையைத் தாண்டினால் பூஸ்டர் வேண்டாம், இன்னோர் எல்லையைத் தாண்டினால் இன்னும் நான்கு வருடம் வேண்டும். குழந்தையின் இடுப்பெலும்பு எல்லைக்கு எல்லை மாறுவதில்லை. அதனால்தான் உங்கள் ஊர்ச் சட்டம் ஏழு வயதோடு நிறுத்திக்கொண்டாலும் நீங்கள் அங்கே நிறுத்த வேண்டாம் என்று சொல்கிறேன்.

குடிபெயர்கிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சீட்டின் மேல் இருக்கும் முத்திரை. கனடாவில் அந்நாட்டுத் தேசியப் பாதுகாப்பு முத்திரை உள்ள சீட்டுதான் செல்லும். பக்கத்து நாடான அமெரிக்காவில் வாங்கிய சீட் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் பயன்படுத்த முடியாது. ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான், அந்நாட்டுத் தர முத்திரை வேண்டும். ஐரோப்பாவில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்து போட்ட ஒட்டுத்தாளைத் தேடுங்கள். ஆர்44 என்பது எடையை வைத்துப் பிரிக்கும் பழைய விதி, ஆர்129 என்பது உயரத்தை வைத்துப் பிரிக்கும் புதிய விதி. ஐ-சைஸ் என்று சொல்வது இந்தப் புதிய விதியைச் சேர்ந்தது. இதன்படி 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பு யாருடையது என்பது. பெரும்பாலும் ஓட்டுநருடையது. பிரிட்டனில் 14 வயதுக்குக் குறைந்தவர் பெல்ட்டோ இருக்கையோ சரியாகப் போட்டிருப்பதற்கு வண்டி ஓட்டுகிறவரே பொறுப்பு. நண்பரின் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தாலும் அந்த நேரத்தில் பொறுப்பு உங்களுடையது.

டாக்ஸிகளுக்குப் பல நாடுகள் விலக்கு தருகின்றன. சிங்கப்பூரில் டாக்ஸிக்கு விலக்கு உண்டு, ஆப் மூலம் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. விலக்கு அபராதத்திலிருந்து மட்டுமே, மோதலிலிருந்து இல்லை. மடக்கக்கூடிய, எடை குறைந்த பூஸ்டர்கள் கிடைக்கின்றன. அடிக்கடி வாடகைக் காரில் போகிறவர்கள் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

நான்கு படிகள், அவசரமில்லாமல்

பிறந்தது முதல் பதின்மூன்று வயதுவரை குழந்தை நான்கு நிலைகளைக் கடக்கும்: பின்னோக்கிய சீட், பட்டைகளோடு முன்னோக்கிய சீட், பூஸ்டர், கடைசியில் வெறும் சீட் பெல்ட். நாம் இதைப் பள்ளியில் வகுப்பு ஏறுவதுபோலப் பார்க்கிறோம், சீக்கிரம் ஏறினால் பெருமை என்று. உண்மை நேர்மாறானது. ஒவ்வொரு படி ஏறும்போதும் குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கொஞ்சம் குறைகிறது. எனவே ஒவ்வொரு படியிலும், அந்த சீட்டின் எடை வரம்போ உயர வரம்போ முடியும்வரை இருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதலில் பின்னோக்கிய சீட். பச்சைக் குழந்தையின் தலை உடம்பின் நீளத்தில் கால் பங்கு. கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகவில்லை. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது மோதல் நடந்தால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், அந்த முழு இழுப்பும் கழுத்தில் விழும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து சீட்டின் முதுகில் அழுந்தும். விசை பரவிவிடும். 1960-களில் சுவீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், விண்வெளி வீரர்கள் படுத்திருக்கும் இருக்கையைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார். அந்த நாட்டில் இன்றும் நான்கு வயதுவரை பின்னோக்கி உட்காரவைப்பது வழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018-ல் தன் பரிந்துரையை மாற்றி, வயதைச் சொல்லாமல், சீட்டின் வரம்பு முடியும்வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்றது.

'கால் மடங்கிக் கிடக்கிறதே, வலிக்காதா?' என்று கேட்பார்கள். சின்னக் குழந்தைகள் எங்கே உட்கார்ந்தாலும் சம்மணம் போட்டுக்கொள்வார்கள், அது அவர்களுக்குச் சுகமான நிலைதான்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகத்தில் அது சீட்டின் பின்புறத்தை, குழந்தையின் தலை இருக்கும் இடத்தை, நேராக அடிக்கும். உயிர் போகும். பின்சீட்டில் வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

இரண்டாவது நிலை, ஐந்து முனைப் பட்டை (இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று) உள்ள முன்னோக்கிய சீட். இதில் எல்லாரும் தவற விடுவது, சீட்டின் மேல்பகுதியிலிருந்து வரும் மேல் பட்டை. அதை இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில் மாட்டி இறுக்க வேண்டும். மாட்டாவிட்டால் மோதலில் சீட்டின் தலைப்பகுதி முன்னால் சாய்ந்து, குழந்தையின் தலை எதிலாவது இடிக்க வாய்ப்பு அதிகம். மேல் பட்டைக்குப் பதிலாகத் தரையில் ஊன்றும் கால் உள்ள சீட்டுகளும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள்.

சீட்டைப் பொருத்துவது

சீட்டின் கையேடு, காரின் கையேடு இரண்டையும் எடுத்துக்கொண்டு, குழந்தை இல்லாத நேரத்தில், வெளிச்சத்தில் உட்காருங்கள். குழந்தை அழும்போது பொருத்தக் கற்றுக்கொள்ள முடியாது.

காரோடு பொருத்த இரண்டு வழிகள். ஒன்று ஐசோஃபிக்ஸ், அதாவது பின்சீட்டின் மடிப்புக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளில் மாட்டுவது. அமெரிக்காவில் இதே போன்ற அமைப்புக்கு லேட்ச் என்று பெயர். இன்னொன்று காரின் சீட் பெல்ட்டாலேயே இறுக்குவது. இரண்டுமே சரியாகச் செய்தால் நல்லதுதான். உற்பத்தியாளர் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஐசோஃபிக்ஸ் கம்பிகளுக்கு எடை வரம்பு இருக்கிறது. குழந்தை கனமானால் பெல்ட்டுக்கு மாற வேண்டியிருக்கும்.

பொருத்திய பிறகு, பெல்ட் சீட்டுக்குள் நுழையும் இடத்தில் கையால் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இறுக்கம் போதாது. முழங்காலை சீட்டில் ஊன்றி, உங்கள் எடையைக் கொடுத்துக்கொண்டே பட்டையை இழுத்தால் நன்றாக இறுகும்.

குழந்தையின் தோள் பட்டைகள் எந்தத் துளையிலிருந்து வருகின்றன என்பது முக்கியம். பின்னோக்கி இருந்தால் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ. முன்னோக்கி இருந்தால் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ. குழந்தை வளர வளர இதை மாற்ற வேண்டும், மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவிடுங்கள். பக்கிள் மாட்டி இறுக்கியபின் தோளருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்வாக இருக்கிறது. பிடிபடாமல் விரல் வழுக்கினால் சரி. நெஞ்சில் கிளிப் உள்ள சீட்டானால் அது அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும், வயிற்றில் இல்லை.

குளிர்காலத்தில் பஞ்சு அடைத்த தடித்த கோட்டோடு பட்டை போடாதீர்கள். கையால் இழுக்கும்போது இறுக்கமாகத் தெரியும். மோதலில் பஞ்சு அமுங்கிவிடும், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே பெரிய இடைவெளி வந்துவிடும். மெல்லிய உடையோடு பட்டையைப் போட்டுவிட்டு, கோட்டையோ போர்வையையோ மேலே போர்த்துங்கள்.

பழைய சீட் கிடைத்தால் வாங்கலாமா? அது விபத்தில் சிக்கியதில்லை என்று நேராகச் சொல்லக்கூடிய, நீங்கள் நம்புகிற ஆளிடமிருந்து என்றால் யோசிக்கலாம். உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, கையேடு, எல்லாப் பாகங்களும் இருக்க வேண்டும். வரலாறு தெரியாத சீட் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிளாஸ்டிக்குக்குள் இருக்கலாம். பெரிய மோதலில் இருந்த சீட்டைப் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பூஸ்டர்: எப்போது, எப்படி, எதுவரை

அதிகம் தவறு நடப்பது இந்தப் படியில்தான், என்னுடையதும் இங்கேதான் நடந்தது. நான்கு வயதுவரை எல்லாரும் கண்ணும் கருத்துமாக இருப்பார்கள். அப்புறம் தளர்ந்துவிடுவார்கள்.

தொடங்குவதற்குக் குறைந்தது நான்கு வயது, 18 கிலோ, அதோடு பயணம் முழுக்க ஒழுங்காக உட்காரும் பக்குவம், மூன்றும் வேண்டும். மூன்றாவதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஐந்து முனைப் பட்டை குழந்தையைப் பிடித்து வைக்கும். பூஸ்டரில் குழந்தைதான் தன்னைச் சரியான நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனிகிற, தூக்கத்தில் பக்கவாட்டில் சாய்ந்து பட்டையிலிருந்து வெளியே வருகிற குழந்தைக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஐந்து முனைப் பட்டையிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும்.

பூஸ்டரில் இரண்டு வகை. முதுகும் தலைப் பக்கமும் உள்ளது ஒன்று, வெறும் அடிப்பகுதி மட்டும் உள்ளது இன்னொன்று. முடிந்தவரை முதுகு உள்ளதையே வாங்குங்கள் என்பேன். தூங்கும்போது தலையைத் தாங்கும், பக்கவாட்டு மோதலில் கொஞ்சம் காக்கும், தோள் பட்டையைச் சரியான இடத்துக்கு வழிநடத்தும். காரின் இருக்கையில் தலை சாய்க்க எதுவும் இல்லையென்றால் முதுகு உள்ள பூஸ்டர் கண்டிப்பாக வேண்டும். பிரிட்டனில் புதிதாக அங்கீகாரம் பெறும் முதுகில்லா மாதிரிகள் 22 கிலோவுக்கும் 125 செ.மீ.க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான்.

பூஸ்டருக்கு இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் சேர்ந்த மூன்று முனைப் பெல்ட் கட்டாயம் வேண்டும். சில பழைய கார்களில் நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும். அங்கே பூஸ்டர் வைக்கவே கூடாது. குழந்தை உயர்ந்து உட்கார்ந்திருக்க, மேல் உடம்பைப் பிடிக்க எதுவுமே இருக்காது.

உட்காரவைத்ததும் பட்டை போகும் வழியைப் பாருங்கள். பெரும்பாலான பூஸ்டர்களில் இடுப்புப் பட்டை கைப்பிடிகளுக்கு அடியில் போக வேண்டும். கைப்பிடிக்கு மேலே போட்டுவிட்டால் அது நேராக வயிற்றுக்குப் போகும். தோள் பட்டை கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவில் வர வேண்டும். அதை முதுகுக்குப் பின்னாலோ அக்குளுக்குக் கீழோ விடக் கூடாது. 'கழுத்தில் குத்துகிறது' என்று குழந்தை சொன்னால் திட்டாதீர்கள். பொருத்தம் சரியில்லை என்று அது சொல்கிற செய்தி அது. தலைப்பகுதியின் உயரத்தை மாற்றிப் பாருங்கள்.

பூஸ்டருக்குப் பதிலாகத் தலையணை, மடித்த போர்வை, தடித்த புத்தகம் எதையும் வைக்காதீர்கள். மோதலில் அவை வழுக்கி வெளியே போய்விடும், குழந்தை பட்டைக்கு அடியில் நழுவிவிடும். குழந்தை இல்லாத நேரத்திலும் பூஸ்டரைப் பெல்ட் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் திடீர் பிரேக்கில் அது பறந்து வந்து முன்னால் இருப்பவரை அடிக்கும்.

நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளில், பெல்ட் மட்டும் போட்டவர்களோடு ஒப்பிட்டால் பூஸ்டரில் உட்கார்ந்தவர்களுக்குப் பலத்த காயம் படும் ஆபத்து 45 சதவீதம் குறைவு என்று அமெரிக்க ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, எப்போது விடலாம்? காரில் பூஸ்டர் இல்லாமல் உட்காரவைத்துப் பெல்ட்டைப் போடுங்கள். முதுகு இருக்கையோடு முழுவதும் ஒட்டியிருக்கிறதா? அப்படி ஒட்டியிருக்கும்போதே முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்கித் தொங்குகிறதா? இடுப்புப் பட்டை தொடையின் மேல்பகுதியைத் தொட்டுக்கொண்டு தாழ்வாக இருக்கிறதா? தோள் பட்டை கழுத்தையும் தொடாமல், தோளிலிருந்தும் நழுவாமல், நெஞ்சின் நடுவே போகிறதா? பயணம் முடியும்வரை இதே நிலையில் உட்கார முடிகிறதா? ஐந்துக்கும் ஆமாம் என்றால் பூஸ்டரை விடலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் இன்னும் தேவை. ஏறக்குறைய 145 செ.மீ. உயரத்தில்தான் இது பெரும்பாலும் பொருந்த ஆரம்பிக்கும். பல குழந்தைகளுக்கு அது பத்து, பதினொரு வயதில் வரும்.

கடைசிக் கேள்விக்குப் பதில் வீட்டு வாசலில் தெரியாது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். நான் என் மகளைக் கிளம்பும்போது மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று நினைத்தேன்.

பெல்ட்டுக்கு மாறிய பிறகும் 13 வயதுவரை பின்சீட்டிலேயே இருக்கட்டும்.

நிற்கும் காரில் வரும் ஆபத்து

இதைப் பற்றிச் சட்டங்கள் அதிகம் பேசுவதில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் வராது. 'ஒரே நிமிஷம், இதோ வந்துடறேன்' என்று தூங்கும் குழந்தையை விட்டுப் போக வேண்டாம்.

மறந்துவிடுவதும் நடக்கிறது. பாசமில்லாத பெற்றோருக்கு மட்டும் நடப்பது இல்லை அது. தினமும் மனைவி குழந்தையைக் காப்பகத்தில் விடுவார், ஒரு நாள் மட்டும் கணவர் விட வேண்டும், குழந்தை பின்னால் தூங்கிவிடுகிறது, கை பழக்கத்தில் வண்டியை நேராக அலுவலகத்துக்கு ஓட்டிவிடுகிறது. அதனால் கைப்பை, செல்போன், இடது கால் செருப்பு, ஏதாவது ஒன்றைப் பின்சீட்டில் வைக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும். குழந்தை வரவில்லை என்றால் உடனே போன் செய்யும்படி காப்பகத்தில் சொல்லி வையுங்கள். வீட்டில் நிற்கும் காரையும் பூட்டி, சாவியை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். விளையாட்டாக ஏறிய குழந்தைக்குக் கதவைத் திறக்கத் தெரியாமல் போகலாம்.

கைக்குழந்தை காரில் தூங்கிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் சீட்டோடு தூக்கிவந்து அப்படியே தரையில் தூங்கவிடாதீர்கள். தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுப் பாதை அடைபடலாம். எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தி, சீட்டிலிருந்து வெளியே எடுத்துச் சற்று நேரம் வைத்திருங்கள்.

குழந்தை மறுக்கும்போது

'என் ஃபிரெண்ட்ஸ் யாரும் பூஸ்டர்ல உட்காரல' என்று கண்டிப்பாக ஒரு நாள் வரும். என் மகளிடமும் வந்தது. நான் அவளிடம் அந்த ஐந்து கேள்விகளையும் கொடுத்து, அவளையே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். இடுப்பெலும்பு எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். பட்டை அதன் மேல் நிற்கிறதா, மேலே ஏறுகிறதா என்று அவளே விரல் வைத்துப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை என்று பேசிக்கொண்டோம். அப்புறம் சண்டை வரவில்லை, 'இன்னும் முழங்கால் மடங்கலப்பா' என்று அவளே சொல்லிவிட்டு பூஸ்டரில் ஏறிக்கொள்வாள்.

பத்தரை வயதில் எங்கள் காரில் ஐந்துக்கும் ஆமாம் என்று வந்தது. அதே வாரம் அவள் மாமாவின் காரில் பார்த்தோம். அந்தக் காரின் பின்சீட் கொஞ்சம் நீளம், பெல்ட் தொடங்கும் இடம் கொஞ்சம் உயரம், இரண்டு கேள்வியில் தோற்றது. எங்கள் பூஸ்டர் மாமாவின் காருக்குப் போனது. இன்னும் ஏழு மாதம் அங்கே இருந்தது.